மருந்து என்றால் எந்த மருந்து?

போன மாதம் ஒரு காலையில் ரம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தொழிலாளர் மருந்தகத்தில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் அவள்.

"அக்கா, இங்க வெள்ளையடிக்கறாங்க. மருந்து குடுக்கற ஜன்னலுக்கு மேல உங்க கையெழுத்துல என்னமோ எழுதியிருக்குதுங்களே, அழிச்சரலாமுங்களா? பெயிண்டர் அதைப் படிச்சுப்போட்டு ஒரே சிரிப்புங்க."

"என்னன்னு சிரிக்கிறாரு?"

"மருந்து குடுக்கற எடத்துலயே உக்காந்துக்கிட்டு எந்த மருந்துன்னு நம்மளையே கேக்கறாங்களேன்னு சிரிக்கறாருங்க."

சிரிக்கட்டும். சுவரில் இருப்பது இவ்வளவுதான்: 'மருந்து என்றால் எந்த மருந்து? கேட்டுவிட்டு எழுதவும்.' அதில் கை வைக்காதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நின்றுகொண்டு போனில் சொல்கிற கதை இல்லை அது. அவளுக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றி, கல்யாணம் ஆகி செவ்வாய்ப்பேட்டைக்கு வந்த கதையெல்லாம் யாருக்கும் வேண்டாம். எல்லாருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த இந்த மருந்தகத்துக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் அழுதேன். அங்கேதான் பிறகு வருஷக்கணக்காக இருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் தறி ஓட்டுகிறவர்கள், லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ பேக்டரி ஆட்கள். என் பெயர் விஜயா என்பது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் மருந்துக்காரம்மா.

அங்கே பெரிய டாக்டராக இருந்தவர் செல்லத்துரை. திருநெல்வேலிக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வேறு டாக்டர்கள் "என்ன பண்ணுது?" என்று ஆரம்பிப்பார்கள். இவர் நோயாளி உட்கார்ந்ததும் "என்ன சோலி பாக்கே?" என்பார். அவர்கள் தறி என்றோ வெல்டிங் என்றோ சொன்னால் விட மாட்டார். "எந்திரி. செஞ்சு காட்டு" என்பார். வந்தவர்களுக்கு முதலில் வெட்கமாக இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிச் செய்து காட்டுவது? அவர் அசைய மாட்டார். வெளியே வரிசை கதவு வரை நிற்கும், அவர் பாட்டுக்குக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடைசியில் அந்த ஆள் இல்லாத தறியை ஓட்டுவான், இல்லாத நட்டைத் திருகுவான். கை பழகிய வேலை தானாக வந்துவிடும். ஒரு லாரிக்காரர் கழுத்து வலி என்று மாதக்கணக்கில் தைலம் வாங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் இடது பக்கம் எக்கி எக்கிப் பார்த்தார். பக்கத்துக் கண்ணாடி உடைந்து கிடக்கிறதாம், மாற்றவில்லை. "இவருக்கு மாத்திரை வேண்டாம், கண்ணாடி மாத்தச் சொல்லுங்க" என்று சீட்டில் எழுதி என்னிடம் அனுப்பினார்.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வராத நாளே கிடையாது. நேரம் ஆகும், கூட்டம் என்னைத் திட்டும், நான் ஜன்னலைச் சாத்தும்போது டவுன் பஸ் போயிருக்கும். "சார், இது மருந்தகமா, நாடகக் கொட்டகையா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "டிக்கெட் இல்லாம பாக்கீங்கல்லா, சும்மா பாருங்க" என்றார்.

இனி குமரேசன். ஆட்டையாம்பட்டிப் பக்கத்துக்காரன். முப்பது வயதைத் தொடாத ஆள், நல்ல உடற்கட்டு. முதலில் அவன் வந்தபோது செல்லத்துரை லீவில் இருந்தார். வயிற்று வலி என்று சொன்னான். அவருக்குப் பதிலாக வந்திருந்த டாக்டர் வயிற்றுப் புண் என்று எழுதினார், நான் ரோஸ் கலர் டானிக்கைக் கொடுத்தேன். குடித்தான், திரும்பி வந்தான். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் வந்தான். ஒவ்வொரு தடவையும் ஆள் கொஞ்சம் வெளுத்திருந்தான். வலி வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி நிற்பான். "வவுத்தைத் துணி பிழியற மாதிரி பிழியுதுங்க அக்கா. வெளிக்கும் போறதில்லீங்க. வாயி வேற, சில்லறைக் காசைப் போட்டுக்கிட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றான்.

செல்லத்துரை லீவு முடிந்து வந்த முதல் நாளே அவனை உள்ளே அனுப்பினேன். கட்டுப்போடும் துணி எடுக்க நானும் உள்ளே போயிருந்தேன்.

"என்ன சோலி பாக்கே?"

"மருந்து போடறனுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். அவர் ஊரில் மருந்து போடுவது என்றால் வயலுக்குப் பூச்சி மருந்து. "எந்த வயல்லடே? மூக்கைக் கட்டிக்கிட்டு அடிக்கியா, இல்லையா?"

"வயல்ல இல்லீங்க சார். கம்பெனிலீங்க."

எங்கள் நர்ஸ் அம்மாவுக்கு நாமக்கல். "கோழிப் பண்ணைங்க சார். கோழிக்குத் தண்ணில மருந்து போடுவாங்க" என்று மொழிபெயர்த்தார். எனக்குத் தோன்றியதோ மாத்திரை கம்பெனி. மருந்துக்காரம்மாவுக்கு வேறென்ன தோன்றும்? ஒரே அறையில் மூன்று பேர், மூன்று மருந்து. குமரேசன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மருந்துன்னா மருந்துதானுங்க. பைப்புக்குப் போடறது" என்றான்.

"எந்திரி. செஞ்சு காட்டு" என்றார் டாக்டர்.

அவன் எழுந்து நின்றான். இல்லாத மூட்டையைக் குனிந்து தூக்கி இடுப்பில் முட்டுக் கொடுத்தான். தையல் நூலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். மூட்டையைச் சாய்த்து எதற்குள்ளோ கொட்டினான். கொட்டும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டான். மூட்டையின் அடியைத் தட்டினான். தோள் துண்டால் மீசையைத் துடைத்தான். கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு எதையோ பிட்டு வாயில் போட்டான். "இது பன்னுங்க" என்று அவனே சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

பிறகு மூட்டைக்குள் கையை விட்டு எதையோ உருவினான். காற்றில் படபடவென்று உதறினான். பதவிசாக நான்காக மடித்தான். கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அதை இன்னொரு மட்டம் செய்" என்றார் டாக்டர்.

"எதுங்க?"

"உதறி மடிச்சியே. அது என்ன?"

"மூட்டைக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் கவருங்க. நல்லா கெட்டியா, வெள்ளையா இருக்குமுங்க."

"மடிச்சு எங்கே கொண்டு போறே?"

"ஊட்டுக்குங்க."

"ஊட்டுல எதுக்கு அது?"

"வடகத்துக்குங்க. வெயில் வந்துருச்சுங்களே. என்ற சம்சாரம் ஜவ்வரிசி வடகம் ஊத்தறதுக்கு நல்ல கவரா கொண்டாரச் சொன்னாளுங்க. துணில ஊத்துனா தண்ணி தெளிச்சு ஒவ்வொண்ணா உரிக்கோணும். கவர்ல ஊத்துனா காஞ்சதும் தானா கழண்டுக்குமுங்க. அவளுக்கும் இப்பக் குனிஞ்சு நிமிர முடியறதில்லீங்க. ஆறு மாசம் நடக்குதுங்க."

டாக்டர் மேஜை டிராயரைத் திறந்தார். டார்ச்சை எடுத்தார். குமரேசனின் கீழ் உதட்டை விரலால் மடித்துப் பிடித்துப் பார்த்தார். "விஜயா, இங்கே வாங்க" என்று கூப்பிட்டார். பற்களும் ஈறும் சேரும் இடத்தில் நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு ஒன்று ஓடியது. படித்த காலத்தில் புத்தகத்தில் ஒரு வரி பார்த்தது. மனித வாயில் அன்றுதான் பார்த்தேன்.

"ஈயம்" என்றார். "பிவிசியை உருக்கிப் பைப்பா இழுக்கும்போது கருகாம இருக்க ஈயம் சேந்த பொடி கலப்பாங்க. இந்தப் பய அதைத்தான் மருந்துங்கான்."

கம்பெனிக்குப் போன் போட்டார். முதலாளி பயமில்லாமல் சொன்னாராம்: "ஆமாங்க டாக்டர், மருந்துதானுங்க. அது இல்லாட்டி பைப்பு பழுத்துப் போயிருமுங்க." மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொன்னதும் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஈயமேதான்.

டாக்டர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவனைக் குணப்படுத்திரலாம். அவன் பொண்டாட்டி வயித்துல இருக்கிறதுக்குத்தான் பயமா இருக்கு. தாய் உடம்புல ஈயம் ஏறினா பிள்ளைக்கும் போயிரும். பிள்ளையோட மூளை வளர்ற நேரம் இது. அந்தக் கவர்ல வடகம் ஊத்திட்டாளா, தின்னாளா, அது தெரியணும். நான் போனா பயந்துருவா. நீங்க போங்க."

ஜன்னலை நர்ஸ் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜவ்வரிசி. சேகோ பேக்டரிகளில் வெள்ளை வெளேரென்று காயப் போட்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் கண்ணுக்கு அழகு. அன்றைக்கு ஒவ்வொரு களம் வந்தபோதும் அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்றே பார்த்தேன். இவன் வீட்டில் அப்பளம், வடகம் இல்லாமல் சோறு இறங்காதாம், அவனே சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க அக்கா, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டான். "வாயை மூடிக்கிட்டு வா" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அவன் முகம் தொங்கிப் போனதும், டிக்கெட்டை நானே எடுத்தேன்.

சந்துக்குள் திரும்பியதும் வீடு தெரிந்தது. வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டில்மேல் பரப்பி, வரிசை வரிசையாக, வட்ட வட்டமாக வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் விரித்திருந்தது வெள்ளையாகப் பளபளத்தது.

குமரேசன் மனைவி பெயர் தேவி. மாசமான வயிற்றைத் தாங்கிக்கொண்டு குச்சியால் காக்காயை ஓட்டிக்கொண்டிருந்தாள். வாயில் பாதி காய்ந்த வடகம். "யாருங்க?" என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் நேராகக் கட்டிலுக்குப் போனேன். குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

துணி. ஜரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி.

"இது வேட்டியா?" என்று கேட்டேன்.

"வேட்டிதானுங்க. ஏனுங்க?"

"அவன் கொண்டு வந்த கவரெல்லாம் எங்கம்மா?"

அவள் மூக்கைச் சுளித்தாள். "அதை ஏனுங்க கேக்கறீங்க! மெழுகுவத்தி உருக்குன மாதிரி ஒரு வாசம். மாசமானதுலருந்து எனக்கு எந்த வாசமும் ஆகறதில்லீங்க. அந்தக் கவரைக் கையில எடுத்தாலே கொமட்டிக்கிட்டு வருதுங்க. இவருகிட்டச் சொன்னா, எத்தன பாடுபட்டுக் கொண்டாந்ததை வேண்டாங்கறியான்னு சண்டை கட்டுவாரு. அதான் அத்தனையும் சுருட்டிக் கூரைச் சந்துல சொருகிப்போட்டு, பொட்டில இருந்த வேட்டியை எடுத்து விரிச்சுப்போட்டனுங்க."

"போன வருஷம்?"

"போன வருசம் எங்கம்மா ஊட்டுலீங்க. அங்கயும் வேட்டிதான்."

நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். தெருவில் போன ஒருத்தர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

குமரேசன் அதுவரை கதவோரமே நின்றிருந்தான். இப்போதுதான் கட்டிலைப் பக்கத்தில் வந்து பார்த்தான்.

"ஏ புள்ள! இது என்ற கல்யாண வேட்டி!"

"ஆமா. வேற நல்ல வேட்டி எங்க இருக்குது உங்ககிட்ட?"

"பட்டு வேட்டிலயா வடகம் ஊத்துவாங்க?"

"தொவைச்சாப் போயிரும் போங்க!"

"டேய், அவ காலைத் தொட்டுக் கும்பிடு" என்றேன் நான். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு உட்கார வைத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தேவி அந்த வேட்டியையே வெறித்துப் பார்த்தாள். குமரேசன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. அவன் சட்டையில் ஒட்டி வந்த பொடி இருக்கிறது, அதை அவள்தான் துவைக்கிறாள். மறுநாள் இரண்டு பேரையும் வரவழைத்து ரத்தம் எடுத்தோம். ஊசி போடும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டு அலசச் சொல்லி, துடைத்து, மறுபடியும் அலசச் சொன்னார் டாக்டர். தோலில் ஒட்டியிருக்கும் பொடி ஊசியோடு உள்ளே போனால் சோதனை தப்பாகிவிடுமாம். அந்தச் சோதனை எங்கள் பக்கத்தில் எங்கும் கிடையாது. ஐஸ் வைத்துக் கட்டிப் பெரிய ஊருக்கு அனுப்பினோம். பதில் வரும் வரை தினமும் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுவேன்.

குமரேசனுக்கு ஈயம் எக்கச்சக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஈயத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சிகிச்சை கொடுத்தார்கள். தேவிக்குக் கொஞ்சமே கொஞ்சம் இருந்தது. டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சட்டையோட போச்சு. வடகத்துக்கு வரலை" என்றார். நர்ஸ் அம்மா எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொன்னார். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அன்றைக்கு நானே கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தேவி சலித்துப் போய், "அக்கா, நானு பள்ளிக்கூடம் போனவதானுங்க" என்றாள்.

செல்லத்துரை அந்த பைப் கம்பெனிக்கும் போனார். கூட நானும் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. அவரும் அந்தப் பொடியை வெறுங்கையால் அள்ளிப் போடுகிறவர்தான். "நானே தொடறனுங்க டாக்டர், எனக்கு என்ன ஆயிருச்சு?" என்றார். டாக்டர் டார்ச்சை எடுத்து, "வாயைத் திறங்க" என்றார். பார்த்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு வரச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தார். முதலாளி கண்ணாடியில் தன் ஈறைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. கலவை போடும் இடத்துக்குத் தடுப்பு வந்தது, தூசி உறிஞ்சும் மெஷின் வந்தது, வேலைக்குத் தனி உடுப்பு, குளிக்க இடம், எல்லாம் வந்தது. காலி மூட்டை, கவர் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்றும் ஆயிற்று. டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "அதை மருந்துன்னு கூப்பிடாதீங்கய்யா. மருந்துன்னா எவன் பயப்படுவான்? ஈயம்னு சொல்லுங்க." அன்றிலிருந்து அங்கே "ரெண்டு மூட்டை ஈயம் எடுத்தா" என்றுதான் பேச்சு. திரும்பி வந்த அன்றே நான் ஜன்னலுக்கு மேல் அந்த வரியை எழுதினேன்.

இதற்குப் பிறகு ஊரில் எந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்தாலும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். குடம் நல்லதா, டப்பா நல்லதா, பைப் தண்ணீர் குடிக்கலாமா என்று. நான் டாக்டர் சொன்னதைத்தான் சொல்வேன். சூடான சாம்பாரைக் கவரில் கட்டி வாங்காதீர்கள். புது பைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட்டுப் பிடியுங்கள். வேறு எதற்கோ வந்த டிரம்மில், வாசம் போய்விட்டது என்று குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். அதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கவும் வேண்டாம். இப்போது பைப்பில் ஈயம் கலக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் பாயசம் வைத்தேன். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பைப்புக்கு என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. மண்ணுக்குள் புதைத்த பழைய பைப் இன்னும் இருக்கிறதுதான். ஆனால் இனிமேல் கலவை போடுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னல் கம்பியில் தொங்க மாட்டான் என்று நினைத்தால் மனசு லேசாகிறது.

தேவிக்குப் பெண் பிறந்தது. பிறந்தபோது சேர்ந்து அழுத கூட்டத்தில் நானும் ஒருத்தி. நிலா என்று பெயர். எப்போது உட்கார்ந்தாள், எப்போது பேசினாள், எப்போது எழுத்துக் கூட்டினாள் என்று நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா அக்கா?" என்று குமரேசன் கேலி செய்வான். அந்தப் பயம் எனக்கு முழுதாக விட்டுப் போனது, அவள் ஒருநாள் என்னிடமே எதிர்த்துப் பேசியபோதுதான். இப்போது காலேஜில் படிக்கிறாள்.

ஒவ்வொரு கோடைக்கும் அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு வடகம் வந்துவிடும். ரம்யா போன் செய்த அந்த வாரம் நிலாவே கொண்டு வந்தாள். கொண்டு வந்ததும் பிளாஸ்டிக் டப்பாவில்தான். அதற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மூடியைத் திறந்தேன். வழக்கம்போல ஒரு வடகத்தை எடுத்துத் திருப்பினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பக்கம் முழுக்க நூல் நூலாகத் துணியின் நெசவு பதிந்திருந்தது. இன்னொன்றை எடுத்துத் திருப்பினேன். அதிலும் இருந்தது.

"எல்லாரும் பொரிச்சுத் திங்கறாங்க. நீங்க மட்டும் ஏனுங்க பெரிம்மா வருசா வருசம் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள் நிலா.

"உங்கப்பன் கல்யாண வேட்டியைப் பாக்கறேன் சாமி" என்றேன்.